காடு கூப்பிடாத கோடை

என் மனைவி சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று பாக்கி இருந்தது. அவள் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவள் பெயர் அழகுநாச்சி. ஊரில் நாச்சி. புதுக்கோட்டைக்குத் தெற்கே செங்கணிப்பட்டி அவள் ஊர். நான் சேலத்துக்காரன். மின்னணுப் பொறியியல் படித்துவிட்டு, அவளைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தேன். அவள் போன பிறகும் இங்கேயே இருக்கிறேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், காட்டில் நட்ட கருவிக் கம்புகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று சொல்லியிருப்பேன்.

ஊருக்கு மேற்கே முன்பு தைலமரத் தோப்பு இருந்தது. வெட்டி எடுத்துப் போன பிறகு மிஞ்சியது வறண்ட செம்மண். பழைய காட்டைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று சொல்லி ஊர் அதை அரசிடம் குத்தகைக்கு வாங்கியது. வீரை, பாலை, காயா, ஆத்தி மரங்கள் நின்ற காடு. அந்தக் காட்டில் ஒரு துண்டு மட்டும் அய்யனார் கோயிலைச் சுற்றித் தப்பியிருந்தது. புதுக்கோயில் எழுப்பும்போது பழைய கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து வருவது இந்தப் பக்கத்து வழக்கம். பிடிமண் என்பார்கள். அதேபோல் ஒவ்வொரு குழியிலும் கோயில் காட்டுப் பிடிமண் போட்டுக் கன்று வைத்தார்கள். அதிலிருக்கும் பூஞ்சை வேரோடு வேரைக் கோத்துவிடும் என்றாள் நாச்சி. அய்யனார் இங்கேயும் வந்துவிட்டார் என்றது ஊர். இரண்டு பேச்சுக்கும் சண்டை வரவில்லை. கன்று வைத்து முடித்த அன்றே கோயில் காட்டின் கட்டுப்பாடும் புதுக் காட்டுக்கு வந்துவிட்டது. செருப்போடு நுழையக்கூடாது. இரும்பு கொண்டுபோகக்கூடாது. என் கம்புகளையே மூங்கிலில்தான் செய்தேன்.

பிடிமண்ணோடு, கம்புகளிலிருந்து கிளம்பும் என் உணர்விழைகளும் குழிக்குள் போயின. தலைமுடியைவிட மெல்லியவை. பூஞ்சையோடு சேர்ந்து பரவி வேரைத் தொட்டுக்கொண்டிருக்கும். தாகத்துக்கு வேரில் ஒரு துடிப்பு. காயத்துக்கு வேறு. கரையானுக்கு வேறு. அவற்றைப் படித்து ஊர்க்காரர்களின் செல்போனுக்குச் செய்தி அனுப்பினேன். முதல் கோடையில் யாரும் பார்க்கவில்லை. பாதிக் கன்று செத்தது.

"போன்ல வந்தா எவன் பாப்பான்?" என்றாள் நாச்சி. "கரண்டு பில்லும் அதுலதான் வருது. இந்த ஊர்ல ஆள் ஆளைக் கூப்பிட்டாத்தான் வருவாக."

"காடு எப்படிக் கூப்பிடும்?"

"நான் கூப்பிடுறேன். நீ எழுதிக் குடு."

எங்கள் வீடு சாலையோரம். லாரிச் சத்தம் விழாமலிருக்கப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து பதிவு செய்தாள். தண்ணி பத்தல, வாங்க. ஆடு வாய் வச்சிருச்சு, ஓடியாங்க. கரையான் ஏறுது. யாரோ தோலை உரிச்சிருக்காக, சீக்கிரம் வாங்க. வியர்க்க வியர்க்க வெளியே வந்து, "எப்பிடி இருந்துச்சு? சந்தைக்காரி மாதிரி இருந்துச்சா?" என்றாள். நான் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் வெட்டிச் சீராக்கி, ஒலிபெருக்கி பொருத்திய கம்புகளில் ஏற்றினேன். ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றை அவளே பதிவு செய்து, அவளே பூட்டி ஏற்றினாள். மாசி பிறந்து ஆடி வரும்வரை, ஒரு கோடை முழுக்க எந்தக் கம்பும் கூப்பிடாமலிருந்தால், அன்று கோயிலடிக் கம்பு அதைச் சொல்லும்.

"இத மட்டும் நீ கேக்காத மாறா. அன்னைக்கு எல்லாரோடயும் சேர்ந்து கேளு."

குத்தகைக்கு அரசு வைத்த நிபந்தனையும் கடைசியில் அதுவே ஆனது. பன்னிரண்டாவது ஆடிக்குள், காடு கூப்பிடாத கோடை ஒன்று வர வேண்டும். வந்தால் நிலம் ஊருக்கே. இல்லாவிட்டால் திரும்பவும் தைலமரம்.

கம்புகள் பேசத் தொடங்கிய கோடையில் ஊர் ஓடியது. துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கை ஈரத்தோடு ஓடினார்கள். ஓடும்போதே பதில் சொன்னார்கள். "வர்றேன்டி, இரு. உசுர வாங்காத." அவள் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுச் சிரிப்பாள்.

பிறகு ஒரு ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மஞ்சள்காமாலை என்று நினைத்தோம். அது இல்லை. கார்த்திகை பிறக்கும்போது அவள் இல்லை.

கருமாதி முடிந்த பிறகு காட்டுக் கூட்டம் கூடியது. குரலை மாற்றலாமா என்பது பேச்சு. கூட்டத்துக்குத் தலைவர் அடைக்கலம் அண்ணன். அவர் என்னைப் பார்த்தார்.

"மாத்த வேணாம்," என்றார் அவரே. "குரல மாத்துனா காடு வேற ஆளாப் போயிரும்."

அன்றிலிருந்து என் கையிலிருக்கும் கருவியில் ஒலியை அணைத்துவிட்டேன். எந்தக் கம்பு, என்ன குறை, எழுத்தில் வரும். அது போதும். கம்பு கூப்பிடும் பக்கம் மற்றவர்கள் போவார்கள். ஓய்ந்த பிறகு நான் போவேன். இரண்டு வருடம் அப்படித்தான் போனது. மரங்கள் வளர்ந்தன. கூப்பிடுவது குறைந்தது. போன கோடையில் சித்திரையில் மட்டும் சில நாள். இந்தக் கோடைதான் கடைசி வாய்ப்பு, நிச்சயம் வென்றுவிடுவோம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான், தை மாதம், வடக்கு ஓடைப் பள்ளத்திலிருந்து செய்தி வரத் தொடங்கியது. தோல் உரிந்திருக்கிறது. ஒரே மரம். ஒரு வீரை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. ஊர் போய்ச் சேர்வதற்குள் கம்பு ஓய்ந்திருக்கும், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

கூட்டம் கோயில் வாசலில் கூடியது. அந்தப் பக்கம் ஆடு ஓட்டுகிறவன் வெள்ளையன் மட்டுமே. அவனை நடுவில் நிற்க வைத்திருந்தார்கள்.

"தம்பி, கருவி என்ன சொல்லுது?" என்றார் அடைக்கலம்.

"தோல் உரிஞ்சிருக்கு."

"ஆடா, ஆளா?"

"அது தெரியாது."

வெள்ளையன் சிரித்தான். "உங்க கருவிக்கு என் கிடாயே மேல்ணே. அதுவாச்சும் யாரு அடிச்சான்னு திரும்பிப் பாக்கும்."

"சிரிக்காத. மாசி பொறந்த பொறவு இப்பிடி ஒரு தடவ நடந்தா நெலம் போச்சு. பன்னெண்டு வருசம் போச்சு. ஆட்டை வித்துரு."

"விக்கிறேன். வித்துட்டு உங்க வீட்டுல வந்து மேயிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. மாசி ஒன்றுக்குள் ஆடுகளை விற்க வேண்டும், மறுத்தால் பிடிமண்ணை ஏந்திச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவானது. வெள்ளையனின் முகம் மாறிவிட்டது. அவனிடம் வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் பகலில் பள்ளத்துக்குப் போனேன். வீரையின் பட்டையில், இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் காயம். ஆட்டுப் பல் மேலும் கீழும் கிழிக்கும். இது ஒரே பக்கமாகச் சுரண்டப்பட்டிருந்தது. கத்தி வெட்டும் இல்லை. ஓரங்கள் நைந்திருந்தன. காயத்தின் மேல் சாணியும் செம்மண்ணும் குழைத்து யாரோ பூசியிருந்தார்கள். பூச்சை விரலால் விலக்கினேன். ஈரக் கட்டைமேல் செங்கல் நிறத்தில் தூள் ஒட்டியிருந்தது. சுட்ட மண்ணின் தூள். கோயிலைச் சுற்றிலும் பழைய மண்குதிரைகள் உடைந்து கிடக்கும். அதில் ஒரு ஓட்டாஞ்சில்லால் சுரண்டியிருக்கிறார்கள்.

மரத்தைக் காயப்படுத்தியவர், காட்டுக்குள் இரும்பு கொண்டுவர மனம் வராதவர். காயப்படுத்திவிட்டு மருந்தும் போட்டிருக்கிறார்.

அடுத்த இரண்டு காலையும் காயாப் புதருக்குப் பின்னால் நின்றேன். இரண்டாம் நாள் வெயில் ஏறும்போது அத்தை வந்தார்.

அத்தை என்றால் நாச்சியின் அம்மா, மாரிக்கண்ணு. வெறுங்காலோடு, கையில் பித்தளைத் தூக்குவாளியோடு வந்தார். வாளியை இறக்கினார். சேலை மடியிலிருந்து ஓட்டுச் சில்லை எடுத்தார். பழைய பூச்சைத் துடைத்து, அதே இடத்தில் சுரண்டினார். வேகமாக இல்லை. குழந்தைக்குத் தலை சீவுவதுபோல இருந்தது. பிறகு கம்புக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

துடிப்பு வேரிலிருந்து கம்புக்கு வரச் சற்று நேரம் ஆகும். அந்த நேரத்தில் நான் போயிருக்கலாம்.

"யாரோ தோலை உரிச்சிருக்காக. சீக்கிரம் வாங்க."

நாச்சி.

"வந்துட்டேன்டி," என்றார் அத்தை. "இங்கினதான் இருக்கேன்."

"யாரோ தோலை உரிச்சிருக்காக. சீக்கிரம் வாங்க."

"தெரியும்டி தங்கம். மருந்து கொண்டாந்திருக்கேன்."

வாளியிலிருந்து சாணிக் குழைசலை எடுத்துப் பூசினார். கம்பு ஓய்ந்தது. நான் புதரை விட்டு வெளியே வந்தேன். எனக்குள் ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தேன். கால் மரத்திருந்தது. அவ்வளவுதான்.

அத்தை திடுக்கிடவில்லை. "உக்காருங்க மாப்ள," என்றார்.

உட்கார்ந்தேன்.

"வீரைக்குத் தோல் தடிப்பம். தாங்கும்னுதான் இதைப் பாத்து எடுத்தேன். மத்ததுலாம் பச்சப்புள்ளக."

"தாங்காது அத்தை. ஒரே இடத்துல திரும்பத் திரும்பச் சுரண்டுனா பட்டுப்போயிரும்."

அவர் பூச்சைத் தடவிக்கொண்டே இருந்தார். "போட்டாவுல வாயி அசையல மாப்ள. பழைய போன்ல இருக்குறதுலாம் கல்யாணத்துல சிரிக்கிறது. எனக்குச் சிரிக்கிறது வேணாம். வான்னு கூப்பிடணும். கூப்பிட்டா நான் போகணும். அவ காய்ச்சல்ல கெடக்கயில ஆஸ்பத்திரியில உள்ள விடலயே. கூப்பிட்டாளா இல்லையான்னே எனக்குத் தெரியாதே."

நான் உள்ளே இருந்தேன். அவள் கூப்பிடவில்லை. கடைசி நாட்களில் பேசவே இல்லை. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு அத்தை," என்றேன். "அவ பேசுனதுல ஒண்ணு இன்னும் யாரும் கேக்கல."

அத்தையின் கை நின்றது.

"காடு ஒரு கோடை முழுக்கக் கூப்பிடாம இருந்தா அது வரும். கோயிலடிக் கம்புல. மாசிக்கு அப்புறம் நீங்க ஒரு தடவ உரிச்சாலும் வராது. நிலம் போயிரும். கம்பையும் பிடுங்கிருவாங்க."

"என்ன சொல்லிருக்கா?"

"தெரியாது."

"உங்க கருவிதான. நீங்க கேக்கலயா?"

"பூட்டியிருக்கு. திறக்கத் தெரியும். திறக்கல."

"ஏன்?"

"அதையும் கேட்டுட்டா, அப்புறம் அவ புதுசாச் சொல்ல ஒண்ணுமே இல்ல."

இரண்டு வருடத்தில் நான் அவரிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"நான் உரிச்சு வச்சுருக்கேன். நீங்க பூட்டி வச்சுருக்கீக," என்றார். "நல்லாக் காவல் காத்தோம்."

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வெள்ளையன் பாவம். நானே சொல்றேன்."

மாசிக்கு முந்திய நாள் கூட்டத்தில் வெள்ளையன் பிடிமண்ணுக்குக் கை நீட்டியபோது, அத்தை பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார்.

"அவன் கையக் கழுவச் சொல்லுங்க. நான்தான் உரிச்சேன்."

அடைக்கலம் எழுந்தேவிட்டார். "ஏன்த்தா? பெத்த புள்ள வளத்த காட்டை?"

"அவ பேசுவான்னு."

கோயில் மணி காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளையன் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றான். பிறகு, "அதான் அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டே இருந்துச்சா," என்றான். "நானும் ஆட்டை அங்கினயே போட்டுட்டு உக்காந்துருக்கேன்க்கா. நல்லாத்தான் இருந்துச்சு."

பச்சை மரத்தைக் காயப்படுத்தினால், கோடை முடியும்வரை அந்த மரத்துக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதையே சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் எழுந்து அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றிச் சொன்னேன்.

அடைக்கலம் புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். "அப்ப நாச்சி சொன்னதக் கேக்கணும்னா..."

"ஆடி வரைக்கும் அவ பேசக்கூடாது."

மாசியில் ஒன்றும் இல்லை. பங்குனியில் ஓடை வற்றியது. சித்திரையில் காற்று நெருப்பாக வந்தது. பெரிய மரங்கள் தாங்கின. மேற்கு ஓரத்துக் கன்றுகள் தாங்காது என்று என் கருவியில் தெரிந்தது. கூப்பிடும் அளவுக்கு இன்னும் போகவில்லை. ஆனால் போகும். அடைக்கலத்திடம் சொன்னேன்.

"கேக்குறதுக்கு முன்னாடியே ஊத்திருவோம்," என்றார்.

"அது ஏமாத்துறது இல்லையாண்ணே?" என்று யாரோ கேட்டார்கள்.

"புள்ள அழுவுற வரைக்கும் பால் குடுக்காம இருப்பியாடா நீ?"

ஊர் குடம் எடுத்தது. ஒரு காலத்தில் அவள் கூப்பிட்டதும் ஓடிய அதே ஆட்கள், இப்போது அவள் கூப்பிடுவதற்கு முன் ஓடினார்கள். கரையான் புற்றைக் கம்பு அறிவதற்கு முன்பே பெண்கள் கையால் கலைத்தார்கள். வெள்ளையன் தன் ஆடுகளின் வாயில் பனையோலைக் கூடை கட்டினான். "மூஞ்சியப் பாருங்க, டாக்டருக்குப் படிச்ச மாதிரி இருக்கு," என்று அவனே சிரித்தான். அவளைப் பேசவிடாமல் இருக்க ஒரு கோடை முழுக்க ஊரே உழைத்தது. கம்புகளைக் கடக்கும்போது சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அத்தை ஓடைப் பள்ளத்து வீரைக்குத் தினமும் சுமந்தார். ஊற்றிவிட்டு உட்காராமல் திரும்பினார். காயத்தின் ஓரங்கள் உருண்டு மூடத் தொடங்கின.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் என் கருவியில் அந்த வீரையின் தாகம் ஏறியது. எல்லையைத் தொடப் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை நிறைகுடத்தோடு மரத்தடியில் நின்றிருந்தார். ஊற்றவில்லை.

"கொஞ்ச நேரம் நின்னா கூப்பிடுவாள்ல?" என்றார்.

"கூப்பிடுவா."

இருவரும் கம்பைப் பார்த்தபடி நின்றோம். அவர் கையைத் தடுக்க என் கை வரவில்லை. அந்த நிமிடம் எனக்கும் அதுவே வேண்டியிருந்தது. நிலமும் ஊரும் நினைவில் இல்லை.

அத்தைதான் குடத்தைச் சாய்த்தார். "சரி. போ," என்றார். மரத்திடமா அவளிடமா என்று தெரியவில்லை.

ஆடி ஒன்றாம் தேதி காலை, கோயிலடியில் ஊர் கூடியது. செருப்புகள் வெளியே குவிந்து கிடந்தன. பக்கத்து ஊரான மேலக்குடியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள், இங்கிருந்து பிடிமண் எடுத்துப் போக. எங்கள் கம்புகளும் அவர்களுக்குத்தான் போகின்றன. குரல் அவர்கள் ஊர்ப் பெண் ஒருத்தியுடையதாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். இன்றைய வாக்கியம் முடிந்ததும் நாச்சியின் பதிவுகளை அழிக்க வேண்டிய வேலை எனக்கு இருந்தது.

வெயில் கோயில் படியைத் தொட்டபோது கம்பு லேசாகக் கரகரத்தது.

"நாங்க நல்லா இருக்கோம். இனி யாரும் வர வேண்டியதில்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

அவ்வளவுதான். இவ்வளவுதானா என்று நினைத்தேன். முன்னால் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அடைக்கலம் கம்பைக் கும்பிட்டார்.

ஆனால் கம்பு நிற்கவில்லை. மற்றவற்றையெல்லாம் முன்னும் பின்னும் வெட்டியவன் நான். இதை யாரும் வெட்டவில்லை. போர்வை விலகும் சரசரப்பு கேட்டது. தூரத்தில் ஒரு லாரி. தட்டு வைக்கும் சத்தம். பிறகு ஒரு ஆண்குரல், அடுப்படியிலிருந்து.

"நாச்சி, சோறு ஆறுது! காட்டோட குடும்பம் நடத்துனது போதும், இங்க ஒருத்தன் பட்டினி!"

"முடிஞ்சிருச்சு மாறா. இதோ வர்றேன். நீ சாப்புடு."

கம்பு ஓய்ந்தது.

அத்தைதான் முதலில் சத்தம் போட்டார். அது சிரிப்பாகத் தொடங்கியது. "நீயாமில்ல? நீ சாப்புடாம்! என் முன்னாடி வாங்க போங்கன்னு என்னமா நடிச்சுருக்கா, கள்ளி." பெண்கள் சிரித்தார்கள். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அடைக்கலம் கம்பைப் பிடுங்கினார். மேலக்குடிக்காரர்கள் பிடிமண்ணை மஞ்சள் துணியில் முடிந்தார்கள். கூட்டம் கலைந்தது. அவள் சொன்னபடி எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

நான் கம்பு இருந்த குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"சோறு ஆறுதுன்னு கூப்புட்டது நெசமாவே நீங்கதானா மாப்ள? பட்டினின்னு கத்துனது?"

குரலை வைத்து அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முதலில் எனக்கும் தெரியவில்லை.

"நான்தான் அத்தை."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உங்க குரல் இப்பிடியா இருந்துச்சு?"